கோடைக்கு முன்னால் ஒரு மாதம் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்பில், சாலையோரத்தில் குவித்து வைக்கப்பட்ட தர்பூசணிப் பழங்களின் படத்தை வெளியிட்டு, அதன் கீழே ‘பனி விலகியது, கோடை தொடங்கியது’ என்று எழுதியிருந்தீர்கள். படம் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த வாசகத்தின் நடுவில் நிற்கும் காற்புள்ளிக்குள் ஏறத்தாழ ஒன்றரை மாத காலம் காணாமல் போயிருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மதுரைக்கு இரண்டே பருவங்கள்தாம், ஒன்று வெயில், மற்றொன்று கடும் வெயில் என்று வெளியூர்க்காரர்கள் செய்யும் கேலியை நாமும் நம்பத் தொடங்கிவிட்டோம். நான் 31 ஆண்டுகள் தபால்காரனாக வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி வடக்குமாசி வீதி, மேலமாசி வீதி, அவற்றிலிருந்து பிரியும் சந்துகள் ஆகியவற்றில் நடந்தே கழிந்தது. எந்த வீட்டு வாசலில் நாய் இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பதைப் போலவே எந்த வாசலில் நிழல் இருக்கிறது என்பதையும் தபால்காரன் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கட்டாயத்தினால் மரங்களைப் பார்க்கப் பழகினேன். அன்றன்று கண்டதைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் ஓரிரு வரி குறித்து வைப்பது வழக்கமாயிற்று. ஓய்வு பெற்ற பின்னும் அவ்வழக்கம் விடவில்லை. அந்தத் தாள்களின் துணையோடுதான் இதைச் சொல்கிறேன்: மாசி நடுவிலிருந்து பங்குனி முடியும் வரை மதுரையில் பனியும் இல்லை, கோடையும் இல்லை. அது வேறொரு பருவம்.

அதை முதலில் அறிவிப்பது அரசமரம். மாசி பாதியில் பழைய இலைகள் பழுத்து, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் கொட்டிவிடும். தெருமுனைப் பிள்ளையார் மேடையைக் கூட்டும் அம்மையார், காலையில் கூட்டிய இடத்தை மாலையில் மறுபடியும் கூட்ட வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டால், நாட்காட்டியைப் பார்க்காமலேயே தேதியை ஒருவாறு சொல்லிவிடலாம். மரம் வெறுங்கிளையாக நிற்பது சில நாட்களே. அதன் பின் வரும் தளிர், பச்சையாக வருவதில்லை. புளி போட்டுத் துலக்கிய செப்புக்குடத்தின் நிறத்தில் வருகிறது. வெயில் ஊடுருவும் அந்தத் தளிர்களுக்குக் கீழே காலை எட்டு மணிக்கு நின்று அண்ணாந்து பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பதாலோ என்னவோ, யாரும் நிற்பதில்லை.

அரசுக்குப் பின்னால் புங்கம். மழை முடிந்து இரண்டு மாதமாகி, வைகை வறண்டு, கிணறுகள் இறங்கத் தொடங்கும் வேளையில், ஒரு சொட்டு மழையையும் எதிர்பாராமல் இம்மரம் எங்கிருந்தோ நீரெடுத்து இளம்பச்சையாகத் துளிர்த்துவிடுகிறது. வேர் ஆழத்தில் இருப்பதுதான் அதன் இரகசியம். பங்குனியில் பூக்கும்போது, அடியில் நிறுத்திய இருசக்கர வாகனங்களின் மேலெல்லாம் பொரி கொட்டியதுபோல் இருக்கும். பங்குனி நடுவில் வேம்பு பூக்கிறது. பகலில் ஆயிரம் வாசனைகள் மோதும் கடைத்தெருவில் வேப்பம்பூவின் மணம் எடுபடாது. கடைகள் கதவிறக்கிய பின் இரவு பத்து மணிக்கு மேல் நடந்தால்தான் தெரியும். மரத்தடியில் பழைய சேலையை விரித்து உதிர்ந்த பூவைச் சேர்த்து, சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் அதன் பின் ஆண்டு முழுவதற்குமான ரசத்துக்கும் காயவைத்துக்கொள்ளும் வீடுகள் எங்கள் பகுதியில் இன்னும் சில இருக்கின்றன. மற்றவர்கள் கடையில் பொட்டலமாக வாங்குகிறார்கள். வேப்பமரம் உள்ள ஊரில் வேப்பம்பூவை விலைக்கு வாங்குவதை என்னவென்று சொல்வது.

பறவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குளிர்காலம் முழுவதும் பெரும்பாலும் வாய் திறக்காத குயில், மாசி கடைசியில் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. என் தாள்களில் அதன் முதற்குரல் ஆண்டுக்காண்டு சில நாட்கள் முன்பின்னாக வருகிறதே தவிர, மாசியைத் தாண்டியதில்லை. குயிலைவிட எனக்குப் பிடித்தது குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிதான, நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்த பச்சைப் பறவை அது. உச்சிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு, செம்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டுவதைப் போல ஒரே சீராக ‘டொக், டொக்’ என்று நெடுநேரம் ஒலியெழுப்பும். பாத்திரக்கடைகள் நிறைந்த தெருவில் அந்த ஒலியைக் கேட்டு எங்கோ பாத்திரம் அடிக்கிறார்கள் என்று பலகாலம் நானே நினைத்திருக்கிறேன்.

ஆனால் ஏட்டின்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம்தானே, இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் அல்லவா என்று தமிழ் படித்த வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எனக்கும் இது நெடுநாள் உறுத்தலாக இருந்தது. சித்திரை பிறந்த ஓரிரு நாளில், அதாவது ஏப்ரல் நடுவில், நண்பகல் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் வந்துவிடுகிறது. கம்பத்தின் நிழல் கம்பத்தடியிலேயே மறைந்துபோகிறது. அதன் பிறகு அக்கினி நட்சத்திரம். இதை ‘இளம்’ வேனில் என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்.

நம் முன்னோர் தவறாகச் சொல்லவில்லை, நாட்காட்டிதான் நகர்ந்திருக்கிறது. பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு சூரியன் மேட ராசியில் நுழையும் நாளும் இந்நாளும் ஒன்றாகவே இருந்தன. நம்முடைய மாதக் கணக்கு விண்மீன்களைச் சார்ந்தது. பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வைச் சார்ந்தவை. அந்த அச்சு, சுற்றுகிற பம்பரம் தலையாட்டுவதைப் போல மிக மெல்லத் திசை மாறுவதால், சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் இரண்டும் விலகி, இன்று 24 நாள் இடைவெளி விழுந்திருக்கிறது. பஞ்சாங்கக் கணிதர்கள் இதையே அயனாம்சம் என்று கணக்கில் கழிக்கிறார்கள். அந்தக் காலத்துச் சித்திரையின் முதல் நாள் இன்றைய பங்குனி ஏழாம் நாளை ஒட்டி வருகிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஏடு சொல்லும் இளவேனிலும் எங்கள் தெருப் புங்கமரம் சொல்லும் இளவேனிலும் அப்போது ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. மரத்துக்கு நாட்காட்டி திருத்த வேண்டிய அவசியம் இருந்ததில்லை.

மாதங்களின் பெயரையே தெருக்களுக்கு வைத்திருக்கும் ஊர் பருவத்தை மறந்துபோவது வேடிக்கைதான். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி. விழா எந்த மாதத்தில் எந்தத் தெருவில் வலம் வந்ததோ அம்மாதமே அத்தெருவின் பெயராயிற்று. மாசியில் நடந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் அழகர் விழாவோடு சேர்த்துச் சித்திரைக்கு மாற்றினார் என்பது ஊர் அறிந்த வரலாறு. தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது, ஆனால் சித்திரையில். அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் காலமாகையால் கூட்டத்துக்கு அது நல்ல ஏற்பாடு. வெயிலுக்கு அவ்வளவு நல்லதல்ல. அதே மன்னர் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே எழுப்பிய புதுமண்டபத்துக்கு வசந்த மண்டபம் என்றே பெயர். வைகாசி வசந்த விழாவுக்கு அம்மனும் சுவாமியும் எழுந்தருளும்போது குளிர்ச்சியாக இருக்கவேண்டும் என்பதற்காக அதைச் சுற்றிலும் நீர் நிறுத்தும்படி வாய்க்கால் அமைத்தார்கள். பெயர் வசந்தமாக இருந்தாலும் வெயில் கோடை வெயிலாகத்தான் இருந்திருக்கிறது என்பதற்கு அந்த வாய்க்காலே சான்று. தலைமுறை தலைமுறையாக அம்மண்டபத் தூண்களுக்கிடையே தையல் இயந்திரம் மிதித்தவர்களும், வளையலும் பாத்திரமும் புத்தகமும் விற்றவர்களும் சில ஆண்டுகளுக்கு முன்பு குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறினார்கள். சிற்பங்களைக் கண்ணாரக் காண இப்போது வழி பிறந்திருக்கிறது. பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்த இடத்தை இழந்த வருத்தமும் எனக்கு உண்டு. இரண்டும் உண்மை.

பருவம் மாறுவதை மரத்தில்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மார்கழியிலும் தையிலும் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும். பனி தாக்கி மொட்டு வராததே காரணம். கார்த்திகையை ஒட்டிக் கவாத்து செய்த செடிகள் மாசியில் அரும்பு பிடித்து, பங்குனியில் வரத்துக் கூடக் கூட, விலை படிப்படியாக இறங்குகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை, முகூர்த்தத்துக்கு மட்டுமின்றி வெறும் செவ்வாய்க்கிழமைக்கும் ஒரு முழம் வாங்கலாம் என்று எங்கள் வீட்டார் துணிவது இந்த மாதத்தில்தான். தங்கள் நாளிதழ் ‘மல்லிகை விலை வீழ்ச்சி’ என்று தலைப்பிடும்; திருப்பரங்குன்றம், வலையங்குளம் பக்கத்து விவசாயிக்கு அது வீழ்ச்சியே, மறுக்கவில்லை. தலையில் பூ வைக்கிறவர்களுக்கு அதற்கு வேறு பெயர் உண்டு.

அழகர்கோயில் மலையடிவாரத்திலிருந்து மாவடு வருகிறது. படியில் அளந்து கொட்டும்போதே காம்பு ஒடிந்து பால் கசியும் வடுவைத் தேடி எடுத்து, விளக்கெண்ணெய் தடவி, உப்பில் குலுக்கி வைக்க இந்தச் சில வாரங்களை விட்டால் வேறு நாள் கிடையாது. மொட்டைமாடிகளில் கூழ்வடாம் காய்கிறது. காக்கைக்குக் கறுப்புத் துணி, அணிலுக்கு ஒரு பேரப்பிள்ளை என்று காவல். பேரப்பிள்ளை கையில் பொதுத்தேர்வுப் புத்தகம். நத்தம் பக்கம் புளி உலுக்கி, ஓடு தட்டி, கோதும் கொட்டையும் நீக்கிய புதுப்புளி மூட்டைகளாகக் கீழமாசி வீதிக்கு வந்திறங்கும்போது, சுமைதூக்குவோர் முதுகிலெல்லாம் பழுப்பு. மண்பானைகள் தெருவோரத்துக்கு வந்துவிடுகின்றன. மேலூர் வட்டாரத்தில் நீர் வற்றிய கண்மாய்களில் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவோடும் வலையோடும் ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாக்கள் தொடங்குகின்றன. பங்குனித் திருவிழாவில், திருப்பரங்குன்றத்தில் முருகன் திருக்கல்யாணத்துக்குப் பெற்றோராக மீனாட்சியும் சொக்கரும் மதுரையிலிருந்து புறப்பட்டுப் போகிறார்கள். மகன் கல்யாணத்துக்குப் பிறகுதான் சித்திரையில் பெற்றோர் கல்யாணம் என்று எங்கள் தபால் நிலையத்தில் சொல்லிச் சிரிப்போம்.

தெப்பக்குளத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். 1645-இல் வெட்டப்பட்ட அக்குளத்தில், என் வாழ்நாளின் பெரும்பகுதி, நீரைக் காட்டிலும் கிரிக்கெட் ஸ்டம்புகளையே அதிகம் பார்த்திருக்கிறேன். வைகையிலிருந்து பனையூர் வாய்க்கால் வழியாக நீர் வந்து சேரும் பாதை சீராக்கப்பட்ட பிறகு, தைப்பூசத் தெப்பம் நீரிலேயே மிதக்கிறது. அதன் பின் மாசி, பங்குனியிலும் நீர் நிற்கிறது. மாலை ஐந்தரைக்கு மைய மண்டபத்தின் நிழல் நீரில் கிழக்கே நீளும்போது, சுற்றுச்சுவர் மேல் அமர்ந்திருப்போரின் பேச்சுக்குரல்கூடச் சற்றுத் தணிந்திருப்பதாக எனக்குத் தோன்றும். கரையோரம் நீர்க்காகம் சிறகு விரித்துக் காயவைக்கிறது. ஓர் ஊரின் மாற்றங்களில் எதை வரவேற்பீர் என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

வரவேற்க முடியாததை இனிச் சொல்கிறேன். எங்கள் சந்தில் ஐந்து புங்கமரங்கள் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன்பு சந்து முழுவதும் பேவர் பிளாக் பதித்தார்கள். பதித்தது தவறென்று சொல்ல மாட்டேன். மழைக்காலச் சேறு நீங்கியது. கோயிலைச் சுற்றிக் கல் பாவி வண்டிகளைத் தடுத்ததால், என் வயதுக்காரர்கள் சித்திரை வீதியில் ஹாரன் சத்தமில்லாமல் நடக்கிறோம். ஆனால் வேலை செய்தவர்கள், மரத்தின் அடித்தூரை ஒட்டி விரற்கடை மண்ணும் விடாமல் கல்லை நெருக்கி, இடுக்கில் சிமெண்ட் கலவையும் பூசிவிட்டுப் போனார்கள். நீரைத் தேடி ஆழத்துக்குப் போகும் வேர் ஒருபுறம் இருக்க, மரம் மண்ணிலிருந்து காற்றும் சத்தும் எடுப்பது பெரும்பாலும் மேல்மண்ணில் பரவிய சிறுவேர்களால்தான். கல் பதித்த மறு மாசியில் ஐந்தில் இரண்டு மரங்கள் பத்து நாள் தாமதமாகத் துளிர்த்தன என்று என் தாள் சொல்கிறது. அதற்கடுத்த மாசியில் அவற்றில் ஒன்று ஒருபக்கம் மட்டும் துளிர்த்தது. மூன்றாம் ஆண்டு ஐப்பசிக் காற்றில் அது சாய்ந்தபோது, பெயர்ந்த கற்களுக்கு அடியில் மண் செங்கல்லைப் போல் இறுகிக் கிடந்தது. மரம் இருந்த இடத்தில் மறுவாரமே கல் பதித்துச் சமன் செய்தார்கள். அந்தச் சுறுசுறுப்பை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மிஞ்சிய நான்குக்கு வேறு சோதனை. ஆண்டுதோறும் மின்கம்பிக்கு இடைஞ்சலான கிளைகளை வெட்ட ஆட்கள் வருகிறார்கள். அது தேவையான வேலை. அறுந்த கம்பியின் ஆபத்தைத் தெருத்தெருவாக நடந்தவன் அறிவேன். ஆனால் வருவது பங்குனியில், பூத்துக் குலுங்கும் வேளையில். வெட்டிய கிளைகளோடு பூவும், பூவோடு தேனீயும், இரண்டொரு காக்கைக் கூடும் லாரியில் ஏறிப் போகின்றன. நிழல் தேவைப்படும் சித்திரையில் தெரு மொட்டையாக நிற்கிறது. கிளை முறிந்து கம்பியில் விழும் ஆபத்து ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றில்தான் மிகுதி. ஆகவே ஆவணியிலோ புரட்டாசியிலோ வெட்டினால் காரியமும் நடக்கும், மழையில் மரமும் தேறிக்கொள்ளும்.

மரத்தடியைப் பொறுத்தவரை புதிதாக யோசிக்க வேண்டியதும் இல்லை. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குள் பூசிய காங்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்த ஒரு மீட்டரை மதுரை வீதிகளிலும் விட்டால் போதும். கல் பதிக்க ஒப்பந்தம் எழுதும்போதே அதில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால், பிறகு பெயர்க்கும் செலவும் மிச்சம். பிள்ளையார் மேடை அரசமரத்துக்கு இது பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். மேடைக்குள் மண் இருக்கிறது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

இறுதியாகத் தங்களிடம் நேரடியாகவே ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் தினமும் வைகை அணையின் நீர்மட்டம் 71 அடியில் எவ்வளவு, பெரியாறு அணையில் 142 அடிக்கு எவ்வளவு என்று வெளியிடுகிறீர்கள். தங்கம் விலை, பூ விலை, கோயில் நிகழ்ச்சி, மின்தடைப் பகுதிகள் எல்லாம் அதே பக்கத்தில் வருகின்றன. அவற்றுக்குக் கீழே, மாசி பிறந்ததிலிருந்து சித்திரை பிறக்கும் வரையிலாவது, பருவக் குறிப்பு என்று வாரம் ஒரு வரி போடுங்கள். எந்தத் தெருவில் அரசு தளிர்த்தது, சாமநத்தம் கண்மாயில் வலசை வந்த பறவைகள் இன்னும் இருக்கின்றனவா, வேம்பு எங்கே முதலில் பூத்தது என்பவை அந்த ஒரு வரிக்குள் அடங்கும். பத்து ஆண்டு சேர்ந்தால், வெயில் எவ்வளவு முந்தி வருகிறது என்பதற்கு ஊரிலேயே ஒரு கணக்கு இருக்கும். என் தாள்களைக் கரையான் தின்றாலும் நாளிதழ் கோப்பில் அது நிற்கும்.

எழுத ஆள் இல்லை என்று தாங்கள் கருதினால், திங்கட்கிழமைதோறும் ஐம்பது காசு அஞ்சலட்டையில் நானே எழுதி அனுப்புகிறேன். முதல் வரியை இக்கடிதத்தோடே சேர்த்திருக்கிறேன்: மாசி 22, வடக்குமாசி வீதி, பிள்ளையார் மேடை அரசில் தெற்குப் பக்கக் கிளைகள் தளிர்த்துவிட்டன, வடக்குப் பக்கம் இன்னும் இல்லை.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர்,
வடக்குமாசி வீதி, மதுரை.